பழையது காத்தலும் புதியது சேர்த்தலும்

பழுதுற்ற ஒரு பொருளைப் புதுக்குகின்றோம். அவ்வாறு புதுக்கிய பின் நம் முன் நிற்பது பழைய பொருளா, புதிய பொருளா? பழையது என்று அதனைப் பிறரிடம் சொல்ல நமக்கு உரிமை உண்டா? ஆலயத் திருப்பணியிலும் ஏட்டுச்சுவடியைப் பெயர்த்தெழுதுவதிலும் இவ்வினா நம்மவர்க்கு நெடுநாள் பழகியது. இக்கட்டுரையில் அதனை ஒரு மோட்டார் காரின்மேல் வைத்து ஆராயப் புகுகின்றோம். காரைப் பற்றி இவ்விதழில் என்ன பேச்சு என்று அன்பர் சிலர் எண்ணக்கூடும். இல்லறத்தான் ஒருவனிடம் ஒரு பொருள் இருக்கும் வரையில், அதனை அவன் எவ்வாறு வைத்திருக்கிறான் என்பது ஒழுக்கத்தைப் பற்றிய வினாவே. பொருள் விளக்குமாறாயினும் சரி, விமானமாயினும் சரி.

அரியலூர் மாவட்டத்து ரெட்டிபாளையத்தில், சிமெண்ட் ஆலைப் பணியை முன்னிட்டு வந்து தங்கிவிட்ட ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். சொந்த ஊர் வந்தவாசிப் பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டின் பின்புறத்துக் கொட்டகையில் 1965ஆம் ஆண்டின் அம்பாசிடர் மார்க் 2 கார் ஒன்று நிற்கிறது. தந்தையார் ஓட்டியது. அவர் காலமான பின் எவரும் அதனைத் தொடவில்லை. அவ்வூரில் தூசுக்குப் பஞ்சமில்லை. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஓயாது செல்லும் வட்டாரம் அது. சிமெண்டுத் தூசு காரத்தன்மை உடையது. பனியும் மழையும் பட்டால் இறுகிப் பிடித்துக்கொண்டு வண்ணப் பூச்சை அரிக்கும். அச்சுண்ணாம்புக்கல்லோ, பல கோடி ஆண்டுகளுக்கு முன் அந்நிலம் கடலாயிருந்தபோது வாழ்ந்த சிப்பியினங்களின் ஓடுகள் படிந்து இறுகியதால் உண்டானது. அறுபது வயதுக் காரைப் பழையது என்று சொல்ல அவ்வூரில் சற்றே கூச்சமாகத்தான் இருக்கும்.

மக்கள் இருவர். காரைப் புதுக்குவது என்பதில் இருவர்க்கும் மறுப்பில்லை. எப்படி என்பதில்தான் வேற்றுமை. தந்தையார் ஓட்டியபடியே அது இருக்க வேண்டும், ஒரு திருகாணியும் மாறலாகாது என்கிறார் மூத்தவர். இளையவர்க்குப் புதிய எஞ்சின், டிஸ்க் பிரேக், பவர் ஸ்டியரிங், குளிர்சாதனம் எல்லாம் வேண்டும். "அண்ணா, அப்பா இன்று இருந்தால் அவரே இவற்றையெல்லாம் மாற்றியிருப்பார்" என்பது இளையவர் வாதம். "எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் அப்பா கைபட்டது எது என்று உன் பிள்ளைக்கு எதைக் காட்டுவாய், தம்பி?" என்பது மூத்தவர் வாதம். தாயார்க்கு இவ்வழக்கில் நாட்டமில்லை. பேரப்பிள்ளைகளோடு அந்தக் காரில் ஒருமுறை சொந்த ஊர்க் கோயிலுக்குப் போய்வர வேண்டும் என்பதே அவர் விருப்பம்.

இவர்கள் கூற்றை எடைபோடுமுன் அந்தக் காரின் பிறப்பைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் உருவைத் தழுவி, மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை 1950களின் பிற்பகுதியில் வெளியிட்டதே அம்பாசிடர். 2014 மே மாதத்தில் அதன் உற்பத்தி நின்றது. அரை நூற்றாண்டுக்கு மேல் மாறாத கார் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். உண்மை வேறு. முதலில் வந்தவற்றில் பக்கவால்வு எஞ்சின் இருந்தது. விரைவிலேயே 1489 சி.சி. மேல்வால்வு எஞ்சின் அதன் இடத்தைப் பிடித்தது. 1980 வாக்கில் டீசல் எஞ்சின் வந்தது. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானிய இசுசு எஞ்சினும் ஐந்து கியரும் வந்தன. முகப்புக் கிராதி பலமுறை மாறியது. ஆக, மாறாதது என்று நாம் போற்றும் காரை அதனைச் செய்தவர்களே மாற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். 2017இல் அம்பாசிடர் என்னும் பெயர் மட்டும் 80 கோடி ரூபாய்க்குப் பிரான்சு நாட்டுப் பியூஜோ நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. கார் வரவில்லை, பெயர் விலைபோயிற்று. பெயர் பொருளினின்று தனியே பிரியக்கூடியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டுவதில்லை.

அம்பாசிடராக அமைந்தது இக்குடும்பத்தின் நற்பேறு என்றும் சொல்ல வேண்டும். நம் தமிழ்நாட்டிலேயே, வண்டலூரில், ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை 1961 முதல் ஹெரால்டு கார்களையும் பின்னர் கெஸல் கார்களையும் செய்தது. 1980களின் இறுதியில் கார் செய்வதை நிறுத்திவிட்டது. ஹெரால்டு வைத்திருப்பவர் ஒரு கதவுக் கைப்பிடிக்காகச் சென்னைப் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் நாள்கணக்கில் அலைந்து, கிடைக்காமல், கடைசற் பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ள வேண்டியிருக்கும். அம்பாசிடருக்கு இன்னும் அவ்வளவு இடரில்லை. ஆயினும் வினா ஒன்றே. கடைசற் பட்டறையில் நேற்றுச் செய்த கைப்பிடியைப் பூட்டிய பின் அது அதே காரா?

சமந்தபத்திர சுவாமிகள் ஆப்தமீமாம்சையில் கையாண்ட பொற்குட உவமை நம் இல்லங்களில் பலரும் அறிந்தது. பொற்குடத்தை உருக்கி முடி செய்கிறார்கள். குடத்தை விரும்பியவன் வருந்துகிறான். முடியை விரும்பியவன் மகிழ்கிறான். பொன்னை விரும்பியவனுக்கு வருத்தமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. தோற்றம், அழிவு, நிலைபேறு ஆகிய மூன்றும் ஒரே பொருளில் ஒரே காலத்தில் உள்ளன என்பதைக் காட்ட எழுந்த உவமை அது. இதனை ரெட்டிபாளையத்துக் கொட்டகைக்குக் கொண்டுசென்றால், மூத்தவர் குடத்தை விரும்புகிறார், இளையவர் முடியை விரும்புகிறார், தாயார் பொன்னை விரும்புகிறார் என்று எளிதாகச் சொல்லி முடித்துவிடலாம். அவ்வளவு எளிதன்று. குடம் முடியானபோது பொன் அப்படியே இருந்தது. காரைப் புதுக்கும்போதோ பொன்னையே வெட்டி எறிகிறோம். அம்பாசிடருக்குத் தனிச் சட்டகம் இல்லை; தரைத்தகடும் பக்கத்தகடுகளும் சேர்ந்த கூடே அதன் உடலும் எலும்பும் ஆகும். துருப்பிடித்த தகட்டை வெட்டிப் புதிய தகட்டைப் பற்றவைக்கும்போது உருவம் நிலைக்கிறது, இரும்பு போகிறது. உவமை இங்கே தலைகீழாகிவிடுகிறது.

இத்தகைய வழக்கு ஒன்று 1990இல் இலண்டன் நீதிமன்றத்திற்கே வந்தது. பென்ட்லி நிறுவனத்தின் பந்தயக் கார் ஒன்று, 'ஓல்டு நம்பர் ஒன்' என்பது அதன் பெயர், 1929இலும் 1930இலும் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் வென்றது. பந்தயத்துக்குப் பந்தயம் பாகங்கள் மாறின, எஞ்சின் மாறியது, 1932இல் புரூக்லாண்ட்ஸ் களத்தில் பெரும் விபத்துக்குள்ளாகி, ஓட்டியவர் மாண்டார், கார் மறுபடியும் கட்டப்பட்டது. பிற்காலத்தில் ஒருவர் அதனை ஒரு கோடி பவுனுக்கு வாங்க ஒப்பினார். பின்பு, அது உண்மையான அந்தக் கார் அன்று என்று கூறி மறுத்தார். 1929இல் வென்ற காரின் பாகங்கள் ஏறத்தாழ எதுவும் எஞ்சவில்லை என்பது மெய்தான். ஆயினும் நீதிபதி விற்றவர் பக்கமே தீர்ப்பளித்தார். அந்தக் கார் ஒருநாளும் இல்லாமற்போய் மீண்டும் புதிதாய்த் தோன்றவில்லை. ஒவ்வொரு மாற்றமும் முந்தையதன் தொடர்ச்சியாய் நிகழ்ந்தது. அதன் வரலாறு இடையறாதது. ஆகவே அப்பெயருக்கு அதுவே உரியது என்பது தீர்ப்பின் சாரம். மூலப் பாகங்கள் கொண்டது என்ற சொல் அதற்குப் பொருந்தாது என்பதையும் நீதிபதி மறைக்கவில்லை.

நீதிபதி சொன்னதை நம் நூல்வழியில் சொல்வதானால் இவ்வாறு சொல்லலாம். கார் என்பது தனித் திரவியம் அன்று. அணுக்கள் கூடிய கந்தங்களைச் சேர்த்து வைத்த ஒரு தொகுதி. நிச்சய நயத்தால் நோக்கின், 'இதே கார்' என்று சுட்டுதற்கு அங்கே ஒன்றும் இல்லை. வியவகார நயத்தால்தான் இது அப்பாவின் கார், அது அண்டை வீட்டார் கார் என்றெல்லாம் பேசுகிறோம். வியவகாரம் என்பதனால் அது பொய்யென்று ஆகிவிடாது. உலகம் அதனால்தான் நடக்கிறது. ஆனால் வியவகார உண்மைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அது மனிதர் சொல்லின்மேல் நிற்பது. சொன்னவர் மெய் சொன்னால் நிற்கும். ஒருவர் இடையில் பொய் கலந்தால் சாயும். பழைய கார் ஒன்றினைப் பழைய காராகத் தாங்கி நிற்பது அதன் இரும்பு அன்று, அதனைப் பற்றி உரிமையாளர் சொல்லும் சொல்லே என்பது நம் கருத்து. எந்தப் பாகத்தை மாற்றலாம் என்று இரவெல்லாம் வழக்காடும் சகோதரர், மாற்றியதை யாரிடம் எப்படிச் சொல்வோம் என்பதையும் உடன்வைத்துப் பேசுதல் வேண்டும்.

மூத்தவர் கூற்றை இனி நோக்குவோம். அதில் அன்பு உண்டு. அதனை ஏளனம் செய்தல் தகாது. எனினும் தந்தையார் ஓட்டியபடியே என்பது, அவரே முயன்றாலும் இன்று இயலாத ஒன்று. 1965இல் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அந்த ஈயம் வெளிப்போக்கு வால்வின் இருக்கையில் மெல்லிய படலமாய்ப் படிந்து அதனைத் தேயாமல் காத்தது. 2000ஆம் ஆண்டில் நாடெங்கும் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது; குழந்தைகளின் மூளைக்கு அது செய்த தீங்கை எண்ணின் நிறுத்தியது நல்லதே. அதன் பின் பழைய எஞ்சினுக்குக் கடினமான உலோகத்தில் வால்வு இருக்கைகள் பொருத்திக்கொள்ளுதல் நல்லதாயிற்று. இப்போதோ பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலக்கும் நிலைக்கு 2025இல் வந்துவிட்டோம். பழைய ரப்பர்க் குழாய்களையும் எரிபொருள் பம்பின் சவ்வையும் அது கெடுக்கும். கசிந்த பெட்ரோல் சூடான எஞ்சின்மேல் சொட்டினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டுவதில்லை. ஆகவே ரப்பர் அனைத்தையும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றியே ஆக வேண்டும். கார் மாறாமல் நின்றாலும் அதைச் சுற்றிய உலகம் மாறிவிட்டது. ஒரு திருகாணியும் மாறலாகாது என்பவர் காரைக் கொட்டகையிலேயே வைத்திருக்கலாம், அல்லது அருங்காட்சியகத்திற்குக் கொடுக்கலாம். கோவையில் ஜி.டி. நாயுடு பெயரால் அமைந்த கார் அருங்காட்சியகத்தில் அவ்வாறு பல கார்கள் நன்கு காக்கப்பட்டு நிற்கின்றன. ஆனால் அங்கு நிற்கும் காரில் தாயார் ஊருக்குப் போக முடியாது.

பிரேக்கைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். உயிர்கள் அதன்மேல் உள்ளன. அக்காலத்து அம்பாசிடரில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். அடுத்தடுத்து அழுத்தினால் சூடேறிப் பிடிப்புக் குறையும்; நீரில் நனைந்தாலும் குறையும். அதனினும் பெரிய குறை மற்றொன்று. மாஸ்டர் சிலிண்டர் ஒரே சுற்றுடையது. நான்கு சக்கரங்களுக்கும் செல்லும் எண்ணெய் ஒரே வழியில் செல்கிறது. எங்கேனும் ஒரு குழாய் ஓட்டையானால் நான்கும் ஒருங்கே போய்விடும், மிதி தரையோடு ஒட்டும். பிற்காலக் கார்களில் இரட்டைச் சுற்று வந்தது. ஒன்று போனாலும் மற்றொன்று நிறுத்தும். 1965இல் இக்குறையைப் பலர் உணரவில்லை. சாலை வெறிச்சென்று இருந்தது, வேகமும் குறைவு. இன்று அதே காரை அரியலூர்ச் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு நடுவே, பின் இருக்கையில் பேரப்பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ஒற்றைச் சுற்றுப் பிரேக்கோடு ஓட்டுவதற்குப் பழைமைப் பற்று என்று பெயர் சூட்டலாமா? நம் கருத்தில் ஆகாது. நமக்குத் தெரிந்த ஓர் இடரைத் தெரியாத குழந்தையின் தலையில் ஏற்றுவது, எவ்வளவு அன்பினால் செய்தாலும், ஹிம்சையின் பக்கத்தில் நிற்பதே.

அரியலூர் மக்களுக்கு இது புதிய செய்தி அன்று. 1956 நவம்பர் 23 அதிகாலையில், பெருமழையில் மருதையாற்றுப் பாலம் தாங்காமற்போக, சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற விரைவு ரயில் ஆற்றில் வீழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். முந்தைய நாள் வரையில் அப்பாலத்தின்மேல் ரயில்கள் சென்றுகொண்டுதான் இருந்தன. நேற்று வரை தாங்கியது என்பது இன்று தாங்கும் என்பதற்குச் சான்று ஆகாது. அன்றைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பாலத்தைக் கட்டியவரும் அல்லர், ரயிலை ஓட்டியவரும் அல்லர். ஆயினும் பொறுப்பு தம்மது என்று பதவி விலகினார். காருக்கு உரிமையாளராய்ப் பெயர் பதிந்து கொண்டவர் பொறுப்பு அதனினும் நெருங்கியது.

ஆகவே பிரேக்கில் நாம் இளையவர் பக்கம். பிற்காலத்து அம்பாசிடர் வகைகள் சிலவற்றில் முன்சக்கர டிஸ்க் பிரேக் வந்துவிட்டது; அவ்வினத்திலிருந்தே எடுத்துப் பொருத்தினால் மூத்தவர் மனமும் ஒருவாறு ஆறும். இருக்கைப் பட்டையும் வேண்டும். ஆனால் துருத்தின்ற தகட்டில் ஓட்டை போட்டுப் பட்டையைத் திருகிவிட்டுப் பாதுகாப்பு வந்துவிட்டது என்று கருதுதல் தன்னைத்தானே ஏமாற்றுவதாகும். பட்டை பற்றும் இடத்தில் தடித்த தகடு வைத்துப் பற்றவைத்திருக்க வேண்டும். ஸ்டியரிங் தண்டு நெஞ்சுக்கு நேரே நிற்கும் வளையாத இரும்புத் தடி. அதனை வீட்டுப் பட்டறையில் மாற்றுவது அரிது. அதற்கு மருந்து மெதுவாகச் செல்வதே.

மற்றவற்றில் இளையவரோடு நாம் உடன்படவில்லை. ஏறத்தாழ ஐம்பது குதிரைத்திறன் கொண்ட எஞ்சின் தாயாரை ஊர்க்கோயிலுக்குக் கொண்டுசேர்க்கப் போதும். அதனை எடுத்துவிட்டு வலிய எஞ்சினை வைத்தால் கியர்ப்பெட்டி தாங்காது. கியர்ப்பெட்டியை மாற்றினால் பின் அச்சு. அதனை மாற்றினால் ஸ்பிரிங். குளிர்சாதனம் வைத்தால் ஆல்டர்னேட்டரும் பெரிய ரேடியேட்டரும். ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டு மற்றொன்று வருகிறது. மிகுபொருள் விரும்பாமையை நாம் எண்ணிக்கையால் மட்டும் அளக்கிறோம். இத்தனை வீடு, இத்தனை பவுன், இத்தனை வண்டி என்று எல்லை கட்டுகிறோம். ஒரே வண்டிக்குள்ளேயே எல்லையின்றிப் பெருகும் வேட்கையை அக்கணக்கு காட்டுவதில்லை. மூத்தவரும் இதிலிருந்து தப்பவில்லை. 1965ஆம் ஆண்டின் அதே விளக்கு, அதே கடிகாரம், அதே கொம்பு என்று ஊர் ஊராய்த் தேடி, கிடைத்த விலைக்கெல்லாம் வாங்கிக் குவிப்பதும் வேட்கையே. புதுமை வேட்கையைக் காட்டிலும் பழைமை வேட்கை தூயது என்று நாம் கருதுவதற்குக் காரணம் எதுவும் தோன்றவில்லை.

சட்டமும் இதில் ஒரு சொல் சொல்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் செய்தவர் வகுத்த அமைப்பினின்று மாறும்படி வண்டியைத் திருத்தலாகாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. எஞ்சினை மாற்றுவோர் பதிவு அதிகாரியின் இசைவைப் பெற வேண்டும். 2021இல் மைய அரசு பழங்கால வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறை வகுத்தது. முதற்பதிவு தொட்டு 50 ஆண்டு கடந்த, வணிகத்திற்குப் பயன்படாத, மூல உருவில் உள்ள வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்னும் எழுத்துகளோடு எண் தரப்படும்; பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய்; கண்காட்சி போன்றவற்றிற்கு அன்றி அன்றாடம் சாலையில் ஓட்டலாகாது. சட்டகம், மேற்கூடு, எஞ்சின் இவை பெரிதும் மாற்றப்பட்டிருத்தல் கூடாது. நம் கதையின் கார் வயதால் தகுதி பெறுகிறது. இசுசு எஞ்சினை ஏற்றிவிட்டு, படிவத்தில் மூல உருவில் உள்ளது என்று கையெழுத்திடுவோர் தொழில்நுட்பத்தில் அன்று, வாய்மையில் தவறுகிறார்கள்.

வீட்டிலேயே செய்யும் வேலையாதலால் கொட்டகைக்குள் நடப்பதையும் சொல்லியாக வேண்டும். காரைப் பற்றிப் பேசுவோர் அதனைத் தொட்டு வேலை செய்பவனைப் பற்றிப் பேசுவதில்லை. பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் கலந்திருக்கும். டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்துத் தூசியை ஊதுவது பட்டறை வழக்கம்; அந்தத் தூசி நுரையீரலில் தங்கி, பல ஆண்டு கழித்து நோயாய் எழும். ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க ஐந்து நிமிடம் மிகுதியாகும், அவ்வளவே. பழைய பூச்சைத் தேய்க்கும்போது ஈயம் பறக்கும். புதிய கடினப் பூச்சுகளில் சேரும் ஐசோசயனேட்டு, முகமூடியின்றித் தெளிப்பவனுக்கு ஆஸ்துமாவை உண்டாக்கும். கைக்குட்டை கட்டிக்கொள்வது முகமூடி ஆகாது. பெட்ரோல் தொட்டியைப் பற்றவைப்பது காலியாயிருந்தாலும் இடரே, ஆவி வெடிக்கும். கூலி குறைவென்று டிங்கரிங் வேலைக்குச் சிறுவனை அனுப்பும் பட்டறையும் உண்டு. 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்தலாகாது என்பதைச் சட்டம் சொல்லித்தான் நாம் அறிய வேண்டுமா? கழித்த எஞ்சின் எண்ணெயைக் கொட்டகை ஓரத்து மண்ணில் ஊற்றுவோர், அந்த மண்ணில் எத்தனை உயிர் என்று ஒரு கணம் எண்ணினால் ஊற்றமாட்டார்கள். டப்பாவில் சேர்த்து, பழைய எண்ணெய் எடுப்போரிடம் கொடுத்தல் வேண்டும்.

இருக்கைக்குத் தோல் போட்டால் கம்பீரமாயிருக்கும் என்று தையற்காரர் சொல்லக்கூடும். அம்பாசிடருக்கு ரெக்சின் உறையே இயல்பு. இங்கே பழைமையும் கொல்லாமையும் ஒரு பக்கம் நிற்கின்றன. கிரீஸில் ஒரு நுட்பம் உண்டு. முற்காலத்துச் சுண்ணாம்பு வகைக் கிரீஸ்களில் விலங்குக் கொழுப்புச் சேர்வதுண்டு. இன்று பெருவழக்காயுள்ள லித்தியம் கிரீஸ் பெரும்பாலும் ஆமணக்கெண்ணெயிலிருந்து பெற்ற பொருளைக் கொண்டு ஆக்கப்படுகிறது. இந்த ஒன்றில் புதியது பழையதைவிட நம் இல்லத்திற்கு ஏற்றது.

வாய்மையைப் பற்றி முன்னர்த் தொடங்கியதை இங்கே முடிக்க வேண்டும். உலகப் பழங்கார்ச் சங்கங்களின் கூட்டமைப்பு 2012இல் ஏற்ற டூரின் சாசனம், கட்டடங்களுக்கான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தை அடியொற்றியது. புதுக்குவதைவிட உள்ளதைக் காப்பது மேல். தவிர்க்க முடியாத மாற்றம் கண்ணுக்கு உறுத்தாததாகவும், வேண்டின் மீண்டும் பழைய நிலைக்குத் திருப்பக்கூடியதாகவும் இருத்தல் வேண்டும். கழற்றிய மூலப் பாகங்களைக் காருடனேயே வைத்துக் காத்தல் வேண்டும். செய்தவற்றை எழுதிவைத்தல் வேண்டும் என்பன அதன் கருத்துகள். நமக்கு இது அயலார் சொல்லித் தெரிய வேண்டியதும் அன்று. கும்பகோணத்து நம்மவரிடம் பாடம் கேட்டு 1887இல் சீவகசிந்தாமணியை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர், செல்லரித்த ஏடுகளில் விழுந்த இடங்களைத் தம் விருப்பம்போல் நிரப்பிவிட்டு மூலம் என்று அச்சிட்டிருக்கலாம். அக்காலத்தில் கேட்பார் இல்லை. அவர் பல பிரதிகளை ஒப்புநோக்கினார், பாடபேதங்களைக் குறித்தார். அதனால்தான் அப்பதிப்பை நம்புகின்றோம். சில ஆலயங்களில் திருப்பணி என்னும் பெயரால் பழைய ஓவியத்தின்மேல் சுண்ணாம்பு பூசியவர்களும் பத்தியோடுதான் பூசினார்கள். அவர்கள் குறிப்பு எதுவும் விட்டுச்செல்லவில்லை.

காருக்கும் பாடபேதம் எழுதலாம். இன்ன நாளில் இந்தத் தரைத்தகடு வெட்டப்பட்டது, புதிய தகடு இன்ன கனம், பிரேக் இன்ன வண்டியினது, வால்வு இருக்கை இன்ன பட்டறையில் மாற்றியது என்று ஒரு குறிப்பேடு. ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் நிழற்படம். கழற்றிய டிரம்களைத் துடைத்து, கிரீஸ் தடவி, எண்ணெய்த்தாளில் சுற்றி, பெயர்ச்சீட்டுக் கட்டிப் பரணில் வைத்தல். பின்னொருநாள் பேரன் அவற்றைப் பூட்டிப் பார்க்க விரும்பினால் பூட்டட்டும். விற்க நேர்ந்தால் குறிப்பேட்டையும் காரோடு கொடுத்தல் வேண்டும். அதனால் விலை சில ஆயிரம் குறையுமாயின் குறையட்டும். 'முழுதும் ஒரிஜினல்' என்று சொல்லி அந்த ஆயிரங்களைப் பெறுவதற்கும் துலாக்கோலைச் சாய்த்துப் பெறுவதற்கும் என்ன வேறுபாடு? அடுத்து வாங்குபவர் பிரேக் ஒற்றைச் சுற்றா இரட்டைச் சுற்றா என்று தெரிந்துகொண்டு ஓட்டும் உரிமை உடையவர்.

குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எஞ்சினைப் பற்றி எழுதுவதற்கு முன், கொட்டகையைத் திறந்த அன்று காருக்குள் யார் யார் குடியிருந்தார்கள் என்று எழுதுவது பொருத்தம். பல ஆண்டு நின்ற காரில் பின் இருக்கைப் பஞ்சுக்குள் எலி வளை அமைத்திருக்கும். டிக்கிக்குள் பல்லி முட்டையிட்டிருக்கும். காற்று வடிகட்டியின் வாயிலும் விளக்குக் கிண்ணத்தின் பின்னும் குளவி மண்கூடு கட்டியிருக்கும். பேட்டரியை மாட்டி எஞ்சினைச் சுழற்றிப் பார்க்கும் ஆசையே முதலில் வரும். கதவுகளையும் முன்மூடியையும் சில நாள் திறந்து வைத்துவிட்டு, எலிக்குட்டிகள் கண் திறந்து வெளியேறும் வரையிலும் குளவிக்கூடு தானே வெறுமையாகும் வரையிலும் சகோதரர் இருவரும் பிரேக்கா, எஞ்சினா என்ற வழக்கைத் திண்ணையில் அமர்ந்து தொடரலாம்.